மஞ்சள் முட்டை

கோஸ் இலையின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் முதலில் பஞ்சு போல அமுங்கும், பிறகு உள்ளே பொட்டுப் பொட்டென்று ஏதோ உடையும், அதற்கும் பிறகு விரலில் ஒரு வாடை ஏறும். பச்சைக் கோஸின் காரமும் மழையில் ஊறிய சாக்கின் முடை நாற்றமும் கலந்த அந்த வாடை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிக்கும்போது மூக்குக்கு வரும், மத்தியானம் சோற்றுத் தட்டில் வரும், தலை வாரும்போது கூந்தலில் வரும். பத்து வயதில் என் வலது கட்டைவிரல் எப்போதும் அந்த நாற்றத்தோடுதான் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த வேலைக்குப் பெயர் "முட்டை உடைக்கிறது".

நாங்கள் இருந்தது ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில், கேத்திப் பள்ளத்தாக்கில். மலைச் சரிவைத் தட்டுத் தட்டாக வெட்டி, தட்டுக்குத் தட்டு கல் கட்டி, கேரட், உருளை, பூண்டு, கோஸ் என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். அதில் நான்கு தட்டுகள் எங்களுடையவை. எங்களுடையவை என்றால் குத்தகை. நிலம் ஒரு கவுடருடையது, படுகப் பெரியவர்களை நாங்கள் கவுடர் என்றுதான் அழைப்போம். அம்மா சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில் பிறந்தவள். குமரியாக இருந்தபோது கப்பலேறி இந்தப் பக்கம் வந்து, ஒரு ஆயுளுக்கு வேண்டிய கொழுந்தை இரண்டு நாட்டிலும் பறித்து முடித்துவிட்டு, "இனி அடுத்தவன் மலையில கூடை தூக்க மாட்டேன்" என்று சபதம் போட்டுக் குத்தகையில் இறங்கியவள். அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே போய்விட்டார். அண்ணன் காய்கறி லாரிகளுக்கு லோடு ஏற்றப் போவான். ஆகத் தோட்டம் என்றால் அம்மா, அம்மா என்றால் தோட்டம். காலையில் வேலையைப் பிரித்துக் கொடுப்பதை அவள் சிலோன் பேச்சிலேயே "பிரட்டு" என்பாள். பிரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கிடையாது, அது பெற்ற மகளாக இருந்தாலும் சரி. மகளாக இருந்தால்தான் முதலில் கிடையாது.

முட்டைக்கோஸ் என்ற முழுப் பெயர் பாடப் புத்தகத்தில்தான் இருக்கும். மலையில் எல்லாருக்கும் அது வெறும் கோஸ். ஆனால் அந்த முட்டை எங்களை விட்டுப் போகவில்லை. வெள்ளைப் பட்டாம்பூச்சி இலைக்கு அடியில் வைத்துவிட்டுப் போவது "பொடி முட்டை". ரவையைப் போல இருக்கும். மற்றது "பெரிய முட்டை". நன்றாகக் கொழுத்த பச்சைப் புழு ஒன்று இலையில் அசையாமல் கிடக்கும், அதன் வயிற்றுக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் அரிசியைவிடச் சின்னதாக, மஞ்சளாக, இருபது முப்பது ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். புழு மேலே, முட்டை கீழே. கோழி வளர்த்த வீட்டில் பிறந்த எவரும் அதற்கு வேறு அர்த்தம் சொல்ல மாட்டார்கள். "புழு அடைகாக்குது" என்றுதான் பள்ளத்தாக்கு முழுக்கச் சொன்னார்கள். பொடி முட்டை பொரிந்தால் பொடிப் புழு, பெரிய முட்டை பொரிந்தால் பெரிய புழு, அதனால் பெரிய முட்டையை முதலில் உடை. இதுதான் கணக்கு. அந்த முட்டை ஒன்றையாவது பொரியும்வரை விட்டுவைத்து உள்ளிருந்து என்ன வருகிறது என்று பார்த்தவர் எங்களில் ஒருவருமில்லை. எதிரியின் முட்டையைக் காத்திருந்து பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

பள்ளிக்கூடம் போகுமுன் ஒரு தட்டு முடிக்க வேண்டும். பனி இறங்கிய இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் முழங்கைவரை சட்டை நனைந்து ஒட்டும், விரல் மரத்துப் போகும். புழுவைப் பிடித்து மண்ணெண்ணெய்த் தண்ணீர் டப்பாவில் போட வேண்டும், முட்டையை இருந்த இடத்திலேயே தேய்க்க வேண்டும். டப்பாவில் விழுந்த புழு வாய் வழியாகப் பச்சையைக் கக்கிக்கொண்டு ஒரு முறை சுருளும், ஒரு முறை நிமிரும். எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு இரக்கம் பிறவியிலேயே உண்டு என்று பேசுகிறவர்கள் பிள்ளைகளோடு புழுப் பொறுக்கப் போனதில்லை.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகி மதினி எங்கள் வீட்டுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். பெயர் தவமணி, காரமடைப் பக்கத்துப் பெண். வெயிலில் வளர்ந்த உடம்பு. மலைக்குளிரில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டும் பல் கிடுகிடுக்கும். எதற்கெடுத்தாலும் "ங்க" போடுவாள். வாசலில் படுத்திருக்கும் நாயிடம்கூட "தள்ளிப் படுங்க" என்பாள் என்று அம்மா, ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் குடம் பிடிக்க வருகிற பெண்களிடம் நடித்துக் காட்டுவாள். என்னை மதினி "அம்மிணி" என்று கூப்பிட்டாள். அதுவரை "ஏய் சின்னவளே" என்ற சத்தத்துக்கு மட்டுமே திரும்பிப் பழகியிருந்த எனக்கு, அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் பின்னால் சுற்றத் தோன்றியது.

அவள் முழுகாமல் இருப்பது தெரிந்த சில வாரங்களில் சிக்கல் ஆரம்பித்தது. ஒரு நாள் பிரட்டில் அம்மா இரண்டாம் தட்டை அவளுக்குக் கொடுத்தபோது, மதினி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அத்தே, புழுவப் பொறுக்கச் சொன்னாப் பொறுக்கறனுங்க. முட்டைய மட்டும் வேண்டாமுங்க. வயித்துல புள்ளைய வெச்சுட்டு அடைகாக்கற முட்டைய ஒடைக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லியுட்டிருக்குதுங்க."

"உங்கம்மா கோஸ் போட்டிருக்காளா?" என்று கேட்டாள் அம்மா.

கேட்டாளே தவிர அன்றைக்கு வற்புறுத்தவில்லை. காரணம், அதே வாரத்தில்தான் கல்கட்டுக்குள்ளிருந்து ஒரு பாம்பு வெளியே வந்து, அண்ணன் கம்பை ஓங்க, அம்மா ஓடிப்போய் அந்தக் கம்பைப் பிடுங்கிப் போட்டிருந்தாள். பொண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் பாம்பு அடித்தால் பிள்ளை நாக்கை நீட்டிக்கொண்டு பிறக்கும் என்று, ஊரே கேட்கும்படி கத்தியிருந்தாள். மகனுக்குப் போட்ட சட்டத்தை மருமகளுக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். "போ, கடைசித் தட்டுல களை எடு. அங்கன உடைச்சா உடை, உடைக்காட்டி உங்கம்மாவக் கூட்டியாந்து கொஞ்சு" என்று அனுப்பிவைத்தாள்.

கடைசித் தட்டு என்பது ஓடையை ஒட்டியது. குடிக்கத் தண்ணீர் எடுக்கும் இடம் என்பதால் அங்கே மருந்தும் அடிப்பதில்லை. மருந்து என்றால் உங்களுக்கு மாத்திரை ஞாபகம் வரலாம். எங்களுக்கு அது பூச்சிக்கு அடிக்கிற விஷம்தான். மேல் மூன்று தட்டுகளிலும் மருந்தும் உண்டு, என் கட்டைவிரலும் உண்டு. கீழ்த்தட்டில் மதினி புழுவைப் பொறுக்கினாள், களை எடுத்தாள், அடைகாக்கும் புழுவையும் அதன் முட்டையையும் மட்டும் தொடாமல் விட்டாள். மழை பெய்தால் அந்தச் செடிகளின் வெளி இலையை மடித்துக் குடையாக்கிவிடுவாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு புழுவைக் காட்டினாள். ஈர்க்குச்சியால் முட்டைக்குப் பக்கத்தில் தொட்டாள். செத்துப்போனது போலக் கிடந்த புழு சட்டென்று தலையைத் தூக்கி, குச்சியை முட்ட வருவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசியது. உடம்பெல்லாம் சுருங்கித் தோல் தொங்கிப்போயிருந்தது. ஆனாலும் முட்டையை விட்டு இம்மியும் நகரவில்லை. வாய் நூலால் முட்டைகளின் மேல் மெல்லிய வலை வேறு பின்னிவைத்திருந்தது.

"பாரு அம்மிணி, திங்காமக் கொள்ளாம காவல் கெடக்குது. தாயின்னா அப்படித்தான்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் காட்சி இன்றும் அப்படியே இருக்கிறது.

கோஸ் உருண்டு இறுகத் தொடங்கிய சமயத்தில் இரண்டாம் சுற்றுப் பட்டாம்பூச்சி வந்தது. வெயில் அடித்த ஒரு காலையில் பள்ளத்தாக்கு முழுக்க யாரோ காகிதம் கிழித்துப் போட்டது போல வெள்ளை வெள்ளையாகப் பறந்தது. பிறகு புழு வந்தது. மேல் மூன்று தட்டிலும் நாங்கள் பொறுக்கப் பொறுக்க வந்துகொண்டே இருந்தது; அம்மா இரண்டு முறை மருந்தடித்தாள், மூன்றாம் முறை கடன் சொல்லி வாங்கி வந்து அடித்தாள். காதை வைத்துக் கேட்டால் தட்டு முழுக்கக் கறுமுறு கறுமுறு என்று சத்தம் கேட்கும் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி யாரும் நம்பவில்லை. இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சி விசிறி போல நின்றன. உருண்டைகளில் பொத்தல், பொத்தலுக்குள் பச்சைப் புழுக்கை. அந்தக் கோஸைத் தரையில் கொட்டினால் மாடுகூட முகர்ந்துவிட்டுப் போகும்.

கீழ்த்தட்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கங்கே இலையில் ஓட்டை இருந்தது, வெளிறிப்போன சில புழுக்கள் இருந்தன. ஆனால் கோஸ் ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்த தலை போலப் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மதினிக்கு அதில் சந்தோஷம் தாங்கவில்லை. மேலே வந்து, "அத்தே, நம்ம கடைசித் தட்டு தப்பிச்சுருச்சுங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டவள் அவள்தான். கூப்பிடாமல் இருந்திருக்கலாம்.

அம்மா கீழே இறங்கி வந்து பாத்தி பாத்தியாக நடந்தாள். இலைகளைத் திருப்பினாள். எங்கு திருப்பினாலும் பழைய மஞ்சள் கொத்துகள், அவற்றின்மேல் காய்ந்து சக்கையான புழுத்தோல். புதியவையும் இருந்தன. அம்மாவின் முகத்தில் ஒரு கணக்கு ஓடி முடிவதை நான் பார்த்தேன். உடைக்காத முட்டை அத்தனையும் பொரிந்திருக்கிறது. பொரிந்த புழு இங்கே தின்னவில்லை. அப்படியானால் எங்கே போய்த் தின்றது? அவள் நிமிர்ந்து மேல் தட்டுகளைப் பார்த்தாள். தப்பான ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இதைவிடச் சரியாக யாராலும் யோசித்திருக்க முடியாது.

அன்று சாயங்காலம் அண்ணன் லாரியிலிருந்து இறங்கி வரும்வரை காத்திருந்து, அவன் முன்னால்தான் பேசினாள்.

"உன் பொண்டாட்டி கீழ்த்தட்டுல புழுப் பண்ணை வச்சிருக்காடா. அங்கன பொரிச்சு, என் தட்டுக்கு ஏத்தி விட்டிருக்கா. பெத்த எடத்துல அதுக திங்காது, ஆத்தா காவல் இருக்காள்ல. எல்லாம் மேல வந்துதான் தின்னிருக்கு." தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "இவளும் அந்த ஜாதிதான். உள்ள இருந்துகிட்டே திங்கிறவ."

மதினி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். என் அண்ணன் கெட்டவன் இல்லை என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். உண்மைதான், அவன் எதுவுமே இல்லை. அன்றைக்கு அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செருப்புத்தான் சுத்தமானது.

மறுநாள் பிரட்டில் மதினிக்குக் கீழ்த்தட்டுதான் கொடுக்கப்பட்டது. அம்மாவும் கூடவே இறங்கினாள், ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு. ஏழு மாத வயிறு, குனிய முடியாது என்பதற்காக அந்த முக்காலி, அவ்வளவு கரிசனம். மதினியைப் பாத்தியின் நடுவில் உட்காரவைத்து, இலையைத் தானே திருப்பிக் காட்டி, "ம்" என்றாள்.

"அத்தே, வேண்டாமுங்க. அம்மிணியப் பண்ணச் சொல்லுங்க. நானு வேற என்ன வேணும்னாலும் செய்யறனுங்க."

"ஏழு மாசத்தோட எஸ்டேட்டுல கொழுந்தெடுத்தவ நான். தேயிலைச் செடி வெட்டுற மட்டத்துக்கத்தியும் பிடிச்சிருக்கேன். என் புள்ள ரெண்டும் நல்லாத்தான் பொறந்துச்சு. ம்."

மதினி கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாள். அவளுக்குப் பழக்கம் இல்லை; எங்களைப் போல ஒரே தேய்ப்பில் முடிக்கத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக, மெதுவாக, நகத்தால் அழுத்தினாள். மேலே கிடந்த புழு தலையைத் தூக்கி அவள் விரலை முட்டியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வாந்தி வந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தாள், வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள், பிறகு அடுத்த இலையைத் திருப்பினாள். பாத்தி முடிய முக்காலி நகர்ந்தது, முக்காலியோடு மதினி நகர்ந்தாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஒவ்வொரு கொத்தை உடைக்கும்போதும் ஏதோ முணுமுணுத்தாள். கிட்டே போய்க் கேட்டேன். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் மாதம் அவளுக்கு வலி கண்டது. காலையில் அடுப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அண்ணன் ரோட்டுக்கு ஓடி ஜீப்பைக் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆண் பிள்ளை. அழவே இல்லை. பீலிக்கரைப் பெண்களில் ஒருத்தி தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டிப் பார்த்தாள், தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், பிறகு பழைய சேலையில் சுற்றிக் கீழே வைத்தாள். எட்டாம் மாதத்தில் பிறந்து தங்காமல் போன பிள்ளைகள் அந்த மலையில் வேறு வீடுகளிலும் உண்டு, அவற்றுக்கெல்லாம் யாரும் காரணம் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கேட்டார்கள். துக்கத்துக்கு வந்த ஒருத்தி, நல்லா இருந்த பொண்ணுக்கு ஏன் இப்படி ஆச்சு என்று ஒப்புக்குக் கேட்டாள்.

அம்மா சொன்னாள்: "முட்டைய உடைச்ச கை. புள்ள எப்படித் தங்கும்?"

நான் வாசற்படியில் நின்று கேட்டேன். உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மதினியும் கேட்டாள். உடைக்கச் சொன்னது யார் என்று அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது என் அம்மாவின் வாயில் அந்த மண்ணெண்ணெய்த் தண்ணீர் டப்பாவைக் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. அம்மாவுக்கும் கஷ்டம் இருந்தது, கணவன் இல்லாதவள், விளைச்சல் போனவள் என்றெல்லாம் பெரிய மனதோடு எழுத என்னால் முடியும், எழுத மாட்டேன். கஷ்டப்பட்ட எல்லாரும் முக்காலி தூக்கிக்கொண்டு வரவில்லை.

அதன்பிறகு மதினி சோறு பிசையும்போது வலது கையைப் பார்த்துவிட்டு ஸ்பூன் கேட்பாள். அம்மா அதையும் நடித்துக் காட்டினாள். ஒரு மாதம் போல இருந்திருப்பாள். அண்ணன் அவளைக் காரமடையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்றான். அடுத்த வருடம் வேறு மதினி வந்தாள். நல்லவள்தான், முட்டையெல்லாம் நன்றாக உடைப்பாள்.

இப்போது நான் ஊட்டிக்கு மேலே, கணவரோடு சேர்ந்து கேரட்டும் கோஸும் போட்டுக்கொண்டிருக்கிறேன். மருந்து குறைத்து விவசாயம் செய்வது பற்றி எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுக்க வந்த பெண் திரையில் ஒரு படம் போட்டாள். கோஸ் இலை, அசையாத பச்சைப் புழு, அதன் கீழே மஞ்சள் கொத்து. "இதப் பாத்தா நசுக்குறவங்க கையத் தூக்குங்க" என்றாள். ஹால் முழுக்கக் கை தூக்கியது, நானும் தூக்கினேன். "நீங்க இத்தன நாளா நசுக்குனது உங்க காவல்காரன்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள்.

அது குளவி. கொட்டேசியா என்று அந்தப் பேரினத்துக்கே பெயராம். பெயரில்தான் கொட்டு, மனிதரைக் கொட்டாது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது, எறும்பைவிடச் சிறிய கறுப்புப் பூச்சி. இதே வேலையைச் செய்கிற அதன் வகைகள் உலகம் முழுக்க ஏராளமாக இருக்கின்றன என்றாள். புழு பொடியாக இருக்கும்போதே இந்தக் குளவி அதன்மேல் உட்கார்ந்து, ஊசி போன்ற உறுப்பை இறக்கி, உடம்புக்குள் தன் முட்டைகளை இட்டுவிட்டுப் போய்விடுகிறது. உண்மையான முட்டை அதுதான், அது எங்கள் யார் கண்ணிலும் பட்டதே இல்லை. குளவிக் குஞ்சுகள் உள்ளே பொரிந்து புழுவைத் தின்னத் தொடங்குகின்றன. உயிர் போகிற இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தின்கின்றன. புழு சாகக் கூடாது, அது இன்னும் இலை தின்ன வேண்டும், இவை வளர வேண்டும். கடைசியில் ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து புழுவின் தோலைக் கடித்துத் துளைத்து வெளியே வந்து, பக்கத்திலேயே மஞ்சள் நூலால் தமக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. நாங்கள் முட்டை என்றது அந்தக் கூட்டை. அத்தனை துளையோடும் புழு இன்னும் சாவதில்லை. தன்னைத் தின்றவற்றின் மேல் தன் நூலை இழுத்து வலை பின்னி, கிட்டே வருவதையெல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு, பட்டினியாகக் கிடந்து சாகிறது. கூட்டிலிருந்து வரும் குளவி அடுத்த தலைமுறைப் புழுவைத் தேடிப் போகிறது.

தாயென்றால் அப்படித்தான் என்று மதினி வயிற்றில் கை வைத்துச் சொன்னதை நினைத்துக்கொண்டு அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தேன். கீழ்த்தட்டு பிழைத்ததற்குக் காரணம் அவள்தான். அவள் விட்டுவைத்த கூடுகளிலிருந்து வந்த குளவிகள்தான் ஓடையோரம் சுற்றிக்கொண்டு இரண்டாம் சுற்றுப் புழுவைத் தீர்த்திருக்கின்றன. மேலே மருந்தடித்தும் விரலால் தேய்த்தும் நாங்கள் கொன்றது அவற்றை. எங்கள் விளைச்சலில் கால் பங்கைக் காப்பாற்றியவளைத்தான் உள்ளிருந்து தின்கிறவள் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள், "அய்யோ, அது முட்டையில்லையா!" என்று ஒருவர் தொடையை ஒருவர் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா இன்று இல்லை. கவுடரின் பேரப்பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டார்கள். எங்கள் நான்கு தட்டையும் இயந்திரம் விட்டு ஒரே சரிவாக்கி, கண்ணாடிச் சன்னல் வைத்த காட்டேஜ்கள் கட்டியிருக்கிறார்கள். ஓடையைக் குழாய்க்குள் போட்டு மூடியாயிற்று. வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்றிரண்டு வருகிறது, பழைய கூட்டம் இல்லை. இப்போது அடிக்கிற மருந்துக்குப் புழுவும் நிற்பதில்லை, குளவியும் நிற்பதில்லை. என் நிலத்தில் இலை இலையாகத் திருப்பித் தேடியும் ஒரு மஞ்சள் கொத்துகூட எனக்குக் கிடைக்கவில்லை.

மதினியைத் தேடிக்கொண்டு நான் இறங்கிப் போனது இதைச் சொல்வதற்காகத்தான். காரமடையில் விசாரித்தபோது, மேட்டுப்பாளையத்தில் ஒரு மண்டியில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். மலையிலிருந்து லாரியில் வரும் கோஸைத் தரம் பிரித்து, வாடிய வெளி இலையை உரித்துப் போடுகிற வேலை. இலைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள், முடி நரைத்திருந்தது, வலது கையில் மட்டும் ரப்பர் உறை போட்டிருந்தாள். மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்ததும், "அம்மிணியா?" என்றாள்.

டீ வாங்கிக் கொடுத்தாள். அண்ணனைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. செல்போனில் அந்தப் படத்தை எடுத்து நீட்டி, பயிற்சியில் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். நீங்கள் ஒரு முட்டையையும் உடைக்கவில்லை மதினி, அது முட்டையே இல்லை, பூச்சிக் கூடு, அம்மா சொன்னது மொத்தமும் பொய் என்றேன். ஒரு பெரிய பாறையை அவள் மேலிருந்து உருட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கூட்டுக்குள்ளார உசுரு இருந்துச்சா அம்மிணி?"

"இருந்துச்சு மதினி. குளவிக் குஞ்சு. ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா எல்லாம் பறந்திருக்கும்" என்றேன். நல்ல சேதி சொல்ல வந்த வேகத்தில், கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டேன்.

அவள் போனை என் மடியில் வைத்தாள். உறை போட்ட கையை மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.

"இத்தன வருசமா, அதுக எல்லாமே உசுரில்லாத கூமுட்டையா இருந்திருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன் அம்மிணி" என்றாள்.